வகுப்பறைக்கு வெளியே ஈட்டும் புள்ளிகள்

கலாசாலைச் சுவர்களுக்குள்ளே கேட்டதே கல்வி என்னும் எண்ணம் நம்மிற் பலருக்கு இன்னும் உண்டு. ஆயினும், பிறிதோரிடத்துக் கற்றதைச் சோதித்துப் பட்டத்திற்குக் கணக்கிடும் வழக்கம் புதியதன்று. லண்டன் சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டிலேயே, தன் கல்லூரிகளிற் பயிலாதாரும் தன் பரீட்சைகளுக்கு அமரலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 1942-இல் இலங்கைக்கெனத் தனிச் சர்வகலாசாலை ஏற்படும் வரையில், கொழும்பு யூனிவர்சிட்டி காலேஜில் பயின்றோர் எழுதியதும் லண்டன் பரீட்சையே. கற்பித்தவர் ஒருவர், சோதித்தவர் மற்றொருவர். இக்காலத்து ஏற்பாடும் அவ்வஸ்திவாரத்தின்மேல் எழுந்ததுதான். ஆனால் அன்று முழுப் பட்டமும் ஒரே இடத்தில் சோதிக்கப்பட்டது. இன்றோ பட்டம் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, அவற்றுட் சிலவற்றை வெளியே ஈட்டிவரவும் வழியுண்டு.

அக்கூறுக்குக் கிரெடிட் என்று பெயர். நாம் புள்ளி என்போம். 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, 1,200 மணி நேரக் கற்றலுக்கு 40 புள்ளிகள் என்று வகுத்தது. அதாவது 30 மணிக்கு ஒன்று. விரிவுரை கேட்பது மட்டுமன்று, படிப்பது, பயிற்சி செய்வது, பரீட்சை எழுதுவது எல்லாம் அம்மணிக்கணக்கில் அடங்கும். சோதிக்கப்படாத கற்றலுக்கோ, அது எத்துணை உயர்ந்ததாயினும், புள்ளியில்லை.

இந்திய அரசாங்கம் 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' என்னும் இணையவழிப் பாடசாலையே இவ்வகையில் நம் மாணாக்கருக்கு மிக அருகிலுள்ளது. அதற்கு முன்பே, 2003-இல், ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களும் இதனுள் அடங்கும். பாடம் கேட்பதற்குக் கட்டணமில்லை. பரீட்சைக்கு மட்டும் உண்டு. பாடம் வீட்டிலிருந்தே கேட்கலாமாயினும், பரீட்சையைக் குறித்த நிலையத்திற்கு நேரிற் சென்றே எழுதவேண்டும். ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 20 வரை இவ்வழியிற் கற்கலாம் என்று 2016-இல் விதித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் அதனை 40 ஆக உயர்த்தியது.

இங்கேதான் நம் மாணாக்கர் இடறுகின்றனர். கலாசாலை அனுமதிக்கலாம் என்பதே விதி. எந்தச் சான்றிதழைக் கொணர்ந்தாலும் ஏற்கும் என்பதன்று. நாம் அறிந்த பொருளாதார மாணவி ஒருத்தி, 12 வாரப் பாடமொன்றை எவரையும் கேளாமல் எடுத்துக்கொண்டாள். விடுதியில் விடியற்காலையில் மட்டுமே இணைப்புச் சீராக இருந்தமையால் நான்கு மணிக்கு எழுந்து கேட்டாள். பரீட்சை நிலையம் தொலைவிலிருந்தமையால் தகப்பனாரோடு இரவு பஸ்ஸில் சென்று எழுதினாள். நல்ல மதிப்பெண்ணும் பெற்றாள். சான்றிதழோடு அலுவலகத்திற்குச் சென்றபோதுதான், அப்பாடம் கல்விப் பேரவை அங்கீகரித்த பட்டியலில் இல்லை என்பது தெரிந்தது. புள்ளி கிடைக்கவில்லை, அடுத்த பருவத்தில் வேறொரு பாடத்தைக் கூடுதலாகச் சுமந்தாள். பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்ததாம். அதனை நின்று படிப்பவர் யார்? எடுத்துச் சொல்லாத நம் போன்ற ஆசிரியருக்கும் இக்குற்றத்திற் பங்குண்டு.

ஆதலின் முதலில் துறைத் தலைவரிடம் பட்டியலைக் கேட்டு, பாடத்தின் புள்ளி நம் பாடத்திட்டப் புள்ளியோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, சம்மதத்தை எழுத்தில் பெறுக. பாடத்திற் சேர்வது வேறு, பரீட்சைக்குப் பதிவது வேறு. இரண்டிற்கும் கடைசித் தேதி வெவ்வேறு. என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாரப் பயிற்சிக்கு 25, பரீட்சைக்கு 75 மதிப்பெண். கூட்டினால் 40 வந்தாற் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு, பயிற்சியில் 10-உம் பரீட்சையில் 30-உம் தனித்தனியே வரவேண்டும்.

ஈட்டிய புள்ளிகளைச் சேமிக்க 2021-இல் கல்விப் புள்ளி வங்கி என்றொரு ஏற்பாடும் செய்யப்பட்டது. கணக்குத் தொடங்குபவர் மாணாக்கர். ஆனால் புள்ளியை அதில் இடுவது கல்வி நிலையமே. நாமாகச் சென்று இடமுடியாத விசித்திர வங்கி இது! தகப்பனார் காலமானதால் இரண்டாமாண்டில் படிப்பை விட்டு வேலைக்குச் செல்லும் பையனை நாம் எத்தனை முறை வழியனுப்பியிருக்கிறோம். முன்னாளில் அவன் கொண்டுசென்றது மதிப்பெண் பட்டியல் ஒன்றே. இவ்வங்கியிற் சேர்ந்த கலாசாலையில் அவன் பயின்றிருந்தால், ஈட்டிய புள்ளிகள் கணக்கிலிருக்கும். ஏழாண்டிற்குள் திரும்பினால், விதிகளுக்குட்பட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வாய்ப்புண்டு. அவ்வாண்டுகள் கடந்தால் அவை செல்லா.

தொழிற்சாலைப் பயிற்சிக்கும் கிராம சேவைக்கும் பாடத்திட்டம் இடங்கொடுக்கும் கலாசாலைகளில் புள்ளியுண்டு. அதற்கு நாட்குறிப்பும் மேற்பார்ப்பவர் கையொப்பமும் வேண்டும்; கடைசி வாரத்தில் ஒரே மையால் எழுதிய நாட்குறிப்பை ஆசிரியர் எளிதிற் கண்டுகொள்வார்.

இணையவழிப் பாடத்தில் நமக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்றே. திரையிலுள்ள ஆசிரியர் நம் முகத்தில் மயக்கத்தைக் கண்டு சற்றே நிறுத்தமாட்டார். மூவர் நால்வர் ஒரே பாடத்தை எடுத்து, வாரத்திற்கு ஒருமுறை மரத்தடியிற் கூடி, விளங்காததை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டால் அக்குறை பெரும்பாலும் நீங்கும். மேற்சொன்ன மாணவி அடுத்த முறை அவ்வாறே செய்தாள். பட்டியலை முதலிற் பார்த்த பிறகு.