நொய்யலிலிருந்து தொடங்க வேண்டிய வரைபடம்

ஒரு நகரத்தின் தொழில் வளர்ச்சியை ஒரு துறையும் அதன் நிலப் பயன்பாட்டை இன்னொரு துறையும் தனித்தனியே தீர்மானித்தால் விளையும் கேட்டுக்குத் திருப்பூரைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை. பருத்தி அரவையும் உள்நாட்டுப் பனியன் தயாரிப்புமாக இருந்த ஊர், 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய ஏற்றுமதியால் சில பத்தாண்டுகளில் நாட்டின் பின்னலாடைத் தலைநகராயிற்று. மாநகராட்சியும் அதையொட்டிய ஊர்களும் சேர்ந்த நகர்த்தொகுதியில் 2011 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 9.6 லட்சம் பேர் வாழ்ந்தனர்.

இவ்வாறு வளரும் ஊர்களுக்கெனவே தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இயற்றப்பட்டது. அதன்கீழ் வரையப்படும் முழுமைத் திட்டம் என்பது, ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை ஆகியவற்றுள் எதற்கு உரியது என வகுத்து, எதிர்காலச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் முன்கூட்டியே நிலம் குறிக்கும் ஆவணம். ஆனால், இந்த வகைப்பாட்டைத் திருப்பூரின் தொழிலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை ஒரு பனியனின் பயணத்தைத் தொடர்ந்தாலே உணரலாம். நூல் முதலில் நிட்டிங் பட்டறைக்குச் செல்கிறது. அங்கே துணியான பின் உருளைகளாகச் சுற்றப்பட்டு, சரக்கு ஆட்டோவில் சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங் எனும் அடுத்தடுத்த நிலைகளுக்கும் போய், இறுதியில் கட்டிங் மேசையையும் தையல் கூடத்தையும் அடைகிறது. ஜாப் ஒர்க் எனப்படும் இந்தக் கூலி வேலைச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் வேறொரு தெருவில், வேறொருவர் முதலீட்டில் இயங்குகிறது. சிறு முதலாளிகள் தலையெடுத்ததும், வீட்டுப் பெண்கள் நடந்தே போய் வேலை பார்த்ததும் இந்த அண்மையால்தான். எனவே தையலையும் செக்கிங்கையும் குடியிருப்புகளிலிருந்து பிரித்து ஊருக்கு வெளியே தள்ளும் திட்டம், தொழிலின் வேரையே அறுத்துவிடும்.

சாயமிடுதலின் நிலை முற்றிலும் வேறு. நீரைப் பெருமளவில் உண்டு, உப்பும் நிறமும் கலந்த கழிவைக் கக்கும் அத்தொழிலுக்கு இடம் ஒதுக்குவது, கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை சொல்வதற்கு ஒப்பானது. அந்த விடை எழுதப்படாமலேயே நூற்றுக்கணக்கான பட்டறைகள் நொய்யல் ஆற்றையும் அதன் ஓடைகளையும் ஒட்டிப் பரவின. ஈரோடு, கரூர்ப் பகுதி வயல்களுக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, தனியொரு தொழிலாகத் தோன்றிய சாயம் நின்றதும் சங்கிலி முழுவதும் ஸ்தம்பித்தது. நீர் மாசு என்று பேசப்பட்ட இந்தச் சிக்கல், அடிப்படையில் நிலத் திட்டமிடலின் தோல்வியே.

அதன்பின் கட்டாயமாகச் செயல்படுத்தப்பட்ட பூஜ்யக் கழிவு வெளியேற்ற முறையில், கழிவுநீர் சவ்வுகளின் வழியே வடிகட்டப்பட்டு மீண்டும் சாயத்துக்கே திரும்புகிறது. எஞ்சும் அடர்கரைசல் கொதிக்கவைத்து ஆவியாக்கப்படுகிறது. இது பெரிய சாதனை. ஆயினும் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகின்றன. மழை படாத, கசிவு நிலத்தில் இறங்காத இடம் அவற்றுக்கு வேண்டும். அப்படியோர் இடத்தை நில வரைபடத்தில் குறிக்காத தொழில் திட்டம் பாதித் திட்டமே. நீர் வரவிலும் இதே பாடம் உண்டு: சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் வாங்கி வந்த நகருக்கு, 2000களின் நடுப்பகுதியில்தான் பவானி ஆற்றிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறனுள்ள திட்டம் வந்து சேர்ந்தது.

தொழிலாளர் குடியிருப்பு இவற்றைவிடவும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. வெளி மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வரும் தொழிலாளர்கள், ஒரே வரிசையாகக் கட்டி, கழிப்பறையைப் பொதுவில் விட்ட லைன் வீடுகளில் தங்குகிறார்கள். ஒரு பகுதியைத் தொழில் மண்டலமாக்கும்போதே அங்கு எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று கணக்கிட முடியும். அவர்கள் உறங்கும் இடத்தையும் அதே கோப்பில் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

முன்கூட்டித் திட்டமிடாத இந்தப் போக்கு திருப்பூருக்கு மட்டும் உரியதல்ல. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016இல் உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், மறு ஆண்டு அவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்ததும், நிலம் துண்டான பிறகு சாலையையும் பூங்காவையும் தேடும் பழக்கம் மாநிலமெங்கும் வேரூன்றியிருந்ததைக் காட்டின. குஜராத்தில் பின்பற்றப்படும் நகரமைப்புத் திட்ட முறை இதற்கு நல்ல மாற்று. அதில் பல உரிமையாளர்களின் நிலம் ஒன்றுசேர்க்கப்பட்டு, சாலைக்கும் பொதுப் பயனுக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளப்பட்டபின், எஞ்சியது சீரான மனைகளாக அவர்களிடமே திரும்புகிறது. யாரும் நிலத்தை முழுவதுமாக இழப்பதில்லை. திருப்பூரின் விளிம்பில் தோட்டங்கள் மனைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. மழை குறைந்த அந்த மண்ணில் ஓடைகளும் குளங்களும் எங்கே கிடக்கின்றன என்பதை முதலில் குறித்துக்கொண்டு இம்முறையைக் கையாண்டால், அடுத்த சாயப்பட்டறையோ அடுத்த லைன் வீடோ நீர்வழியின் மேல் எழும்புவதற்குள் அங்கே சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடம் கிடைத்திருக்கும்.