பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்

பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தேவனஹள்ளி. திப்பு சுல்தான் பிறந்த ஊர் என்று வரலாறு பயின்றோர் அதனை அறிவர். விமான நிலையத்திற்கு அண்மையிலுள்ள ஊர் என்று ஏனையோர் அறிவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை சுமார் 28,000. ஆயினும் நேயர்களே, நான் இங்கு சொல்ல வந்தது அவ்வூர்க் கோட்டையைப் பற்றியன்று. வீட்டுக் கழிப்பறைத் தொட்டிகளில் தேங்குவதைப் பற்றியே.

பெருநகரங்களில் கழிவுநீர் பாதாளச் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைகிறது. சிறு நகராட்சிகளுக்கு இது எளிதில் கைகூடுவதன்று. தெருத்தோறும் குழாய் புதைக்கும் செலவு ஒருபுறம். குழாய் அடைபடாதிருக்க அதில் எந்நேரமும் போதிய நீர் ஓட வேண்டுமென்பது மறுபுறம். ஆதலால் வீட்டுக்கு வீடு நிலத்தடித் தொட்டியே வழக்காயிற்று. தொட்டி நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிச் செல்லும். அந்த லாரி எங்கே செல்கிறது என்று நம்மில் எவர் கேட்டோம்? ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் கொட்டிவிட்டுத் திரும்புவதே பல ஊர்களில் நடைமுறையாக இருந்தது.

தொட்டியின் அடியில் படிவதற்கு மலக்கசடு என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லை முதன்முதல் எழுதியபோது பேனா சற்றுக் கூசிற்று. ஆனால் இதைவிட நாகரிகமான சொல்லைத் தேடினால் பொருள் மறைந்துவிடுகிறது.

இக்கசடுக்கென்றே தனியானதொரு சுத்திகரிப்பு நிலையம் தேவனஹள்ளியில் 2015ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிற்று. நகர அளவில் இத்தகையது நாட்டிலேயே முதலாவது என்பர். நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கசடை ஏற்கும் வண்ணம் அஃது அமைக்கப்பட்டது. பெரிய யந்திரங்களை நம்பாமல், மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தானே பாயும் நீரின் இயல்பையே அது பெரிதும் பயன்படுத்திக் கொள்கிறது. லாரி கொணரும் கசடு, காற்றுப் புகாத கலங்களில் தங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்க, எரிவாயு பிரிகிறது. பின்னர் மணலும் சரளையும் பரப்பிய பாத்திகளில் கசடு உலர்கிறது. வடிந்த நீர், வடிகட்டும் தொட்டிகளையும் செடிகள் நட்ட சரளைப் படுகையையும் கடந்து தெளிவடைகிறது.

உலர்ந்துவிட்டால் தீங்கு நீங்கியதென்று எண்ணலாகாது. குடற்புழுக்களின் முட்டைகள் உலர்ந்த கசடிலும் மாதக்கணக்கில் உயிர் தாங்கும். ஆகவே அதனை ஊர்க் குப்பையிலுள்ள மட்கும் பொருள்களோடு கலந்து குவிக்கின்றனர். குவியல் தன்னுள்ளே 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிப் பல நாள் அவ்வாறே நின்றால்தான் அம்முட்டைகள் அழியும். அதன் பின்னரே அது வயலுக்கு எருவாகும்.

இவ்வளவும் பயன் தருவதற்கு லாரி அந்நிலையத்தை அடைய வேண்டும். அதற்கு முன் லாரி நம் வீட்டிற்கு வர வேண்டும். வெளி மாநிலங்களில் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர் பலர், தொட்டி எங்கே உள்ளதென்றுகூட அறியார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை அதனைக் காலி செய்தல் வேண்டும். நெடுநாள் விட்டால் கசடு இறுகிவிடும்; குழாய் உறிஞ்சாது. அப்போது வீட்டுக்காரர் ஓர் ஏழையை அழைத்து உள்ளே இறக்குவார். தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, செறிவு மிகுந்தால் முதலில் மூக்கின் உணர்வையே போக்கிவிடும். ஆகவே நாற்றம் இல்லை என்பது அபாயம் இல்லை என்பதாகாது. பாதுகாப்பின்றி மனிதரைத் தொட்டியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சாக்கடைப் பணியில் உயிரிழப்போர் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அடுத்த முறை வீட்டுக்காரரைக் காணும்போது, தொட்டியின் மூடி எங்கே உள்ளதென்றும், கடைசியாக எப்போது திறந்தார்கள் என்றும் கேளுங்கள். பல வீடுகளில் அதன்மீது தளம் போட்டுப் பூசிவிட்டிருப்பார்கள். லாரிக் குழாய் நுழைய அங்கே வழியிராது.