கம்ப்யூட்டருக்கு எஜமானர் யார்?

2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதியன்று, உலகமெங்கும் வீடுகளிலும் காரியாலயங்களிலும் இருந்த கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஆயுள் முடிந்ததாக ஒரு கம்பெனி தீர்ப்பளித்தது. அந்த யந்திரங்களில் ஒரு திருகாணிகூடக் கழன்றுவிடவில்லை. முதல் நாள் ஓடியது போலவே மறுநாளும் அவை ஓடின. ஆயினும், அவற்றை நடத்தி வந்த ‘விண்டோஸ் 10’ என்னும் இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதில்லை என்று மைக்ரோசாப்ட் கம்பெனி குறித்து வைத்திருந்த நாள் அது. அன்று முதல், திருடர் நுழையக்கூடிய புதிய ஓட்டை ஏதேனும் வெளிப்பட்டால், அதை அடைத்துக் கொடுக்கும் பொறுப்பு கம்பெனிக்கு இல்லை. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் சாமானியர்களுக்கு மட்டும் மேற்கொண்டு ஒரு வருஷ அவகாசம் என்று அறிவிக்கப்பட்டது.

‘விண்டோஸ் 11’க்கு மாறிக்கொள்வதுதானே என்று சிலர் கேட்கலாம். அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு யந்திரத்தில் இருக்க வேண்டும். கம்பெனி வெளியிட்ட ஜாபிதாவில் அதன் பிராஸஸரும் இடம் பெற்றிருக்க வேண்டும். 2016-ல் வாங்கிய கம்ப்யூட்டர் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், பெரும்பாலும் அந்த ஜாபிதாவுக்கு வெளியிலேயே நிற்கிறது. கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பத்திரிகை படிக்கவும், பிள்ளைகள் பாடம் பயிலவும் அதற்கு வேண்டிய சக்தி குறைந்துவிட்டதா என்றால், இல்லை. குறைந்தது சக்தியன்று, அனுமதி.

இயங்குதளம் என்பது யந்திரத்துக்கும் நம் வேலைக்கும் இடையே நின்று அனைத்தையும் நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருள். விசைப்பலகை, திரை, வட்டு, அச்சு யந்திரம் யாவும் அதன் ஆக்ஞைக்கு உட்பட்டவை. அது இடங்கொடுத்தாலன்றி வேறெந்த மென்பொருளும் திரையில் ஓர் எழுத்தைக்கூடக் காட்ட முடியாது. ஆகவே, இயங்குதளம் யாருடைய கையில் இருக்கிறதோ, கம்ப்யூட்டரும் அவர் கையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர் நாம். அது எந்த நாள் வரை உழைக்கலாம் என்று தீர்மானிப்பவர் வேறொருவர். இது சௌகரியத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உரிமையைப் பற்றிய கேள்வி.

கிரயமா, குத்தகையா?

கடைக்குச் சென்று ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கும்போது யந்திரம் அவருக்குக் கிரயமாகிறது. அதனுள்ளிருக்கும் விண்டோஸ் கிரயமாவதில்லை. அது விற்கப்படவில்லை, உபயோகிக்கும் அனுமதி மட்டுமே அளிக்கப்படுகிறது என்று அதனுடன் வரும் ஒப்பந்தமே தெளிவாகச் சொல்கிறது. நாமோ அதைப் படியாமலே ‘சம்மதம்’ என்ற இடத்தில் அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குகிறோம். நிலம் நம்முடையது என்று எண்ணி உழுகிறோம். பட்டா வேறொருவர் பெயரில் இருக்கிறது.

குத்தகைதாரருக்கு என்ன நேரக்கூடும் என்பதை 2025 ஜூலையில் நம் தேசமே பார்த்தது. குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி என்னும் இந்தியக் கம்பெனியில், ரஷ்யாவின் ராஸ்நெப்ட் கம்பெனிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை முன்னிட்டு ஐரோப்பிய யூனியன் ஜூலை 18-ந் தேதி நயாராவின் மீது தடை விதித்தது. சில தினங்களில் மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. முழுப் பணமும் செலுத்திப் பெற்ற உரிமம் கையிலிருந்தும், தனக்குச் சொந்தமான தஸ்தாவேஜுகளையே தான் பார்க்க முடியவில்லை என்று நயாரா டில்லி ஹைகோர்ட்டில் முறையிட்டது. பிறகு சேவை திரும்பக் கிடைத்தது, வழக்கும் முடிந்தது. ஆனால் படிப்பினை முடிந்துவிடவில்லை. அந்தத் தடையை விதித்தது இந்திய சர்க்கார் அல்ல. இந்தியக் கோர்ட்டும் அல்ல. அப்படியிருந்தும் இந்தியாவில் உள்ள ஓர் ஆலையின் கடிதப் போக்குவரத்து நின்றது.

சுதேசிக் கம்பெனிகளின் மென்பொருளை உபயோகித்தால் இந்தக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்பது பலருடைய அபிப்பிராயம். அந்நியக் கோர்ட்டுக்கும் அந்நியத் தடைக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்ற அளவில் அது சரியே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ போன்ற ஸ்தாபனங்கள் அடைந்திருக்கும் உயர்வு நமக்குப் பெருமை தருகிறது. ஆயினும், பூட்டு நம்மூரில் செய்யப்பட்டது என்பதனால் மட்டும் சாவி நம் கைக்கு வந்துவிடாது. மூடிய மென்பொருளில், எஜமானர் நல்லவராக இருக்கும் வரையில் குடியானவனுக்குச் சௌக்கியம். எஜமானரின் குணத்தை நம்பி வாழ்வதைச் சுதந்திரம் என்று யாரும் சொல்வதில்லை.

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

இந்தப் பிரச்னைக்கு நேரான விடை கட்டற்ற மென்பொருள். இங்கிலீஷில் விலையில்லாததற்கும் சுதந்திரமானதற்கும் ஒரே சொல் வழங்குவதால், அங்கே இதை விளக்குவதற்குப் பெரும் பாடுபட வேண்டியிருக்கிறது. தமிழனுக்கு அந்தக் குழப்பம் வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளைப் பணத்துக்கும் விற்கலாம். அதன் லட்சணம் விலையில் இல்லை. உபயோகிப்பவருக்கு உள்ள நான்கு பாத்தியதைகளில் இருக்கிறது. எந்தக் காரியத்துக்கும் அதை உபயோகிக்கலாம். அது எப்படி வேலை செய்கிறதென்று ஆராய்ந்து நமக்கேற்றவாறு மாற்றலாம். பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியமைத்ததையும் ஊருக்கு வழங்கலாம். இவற்றுக்கெல்லாம் ஆதாரம், மென்பொருள் எழுதப்பட்ட மூல நிரல் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே.

இந்த இயக்கத்தைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர். 1980 வாக்கில் அவர் வேலை பார்த்த எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓர் அச்சு யந்திரம் வந்தது. அதில் காகிதம் சிக்கிக்கொண்டால் உடனே அறிவிக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்த அவர் விரும்பினார். மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு சர்வகலாசாலைக்காரரும், ரகசிய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராதலால், தர மறுத்துவிட்டார். காகிதம் சிக்குவது அற்ப விஷயம். ஆனால் உபயோகிப்பவன் தன் கஷ்டத்தைத் தானே தீர்த்துக்கொள்ளக் கூடாது என்பது அற்ப விஷயமன்று. 1983-ல் ‘க்னூ’ என்ற பெயரில் ஒரு கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். 1989-ல், திருத்தி வெளியிடுபவரும் அதே பாத்தியதைகளைப் பிறருக்கு அளிக்க வேண்டும் என்று நிபந்தனை செய்யும் பொது உரிமம் வெளிவந்தது. 1991-ல் பின்லாந்தில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் ‘லினக்ஸ்’ என்ற கருவை எழுதி வெளியிட்டார். அடுத்த வருஷம் அதை இந்த உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளமாயிற்று.

அந்த மாணவர் எழுதிய கருவே இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் அடிப்படை. உலகின் அதிவேகமான 500 கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் ஜாபிதா முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஆதலால் அதன் திறமையைப் பற்றிய விவாதம் முடிந்துவிட்டது. மேஜைக் கம்ப்யூட்டரில் மாத்திரம் அது இன்னும் சிறுபான்மையாக இருக்கிறது.

பாத்தியதையின் பலன் எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம். ‘ஓபன் ஆபீஸ்’ என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளைப் பராமரித்து வந்த ஸன் கம்பெனியை 2010-ல் ஆரக்கிள் கம்பெனி வாங்கியது. புதிய எஜமானரிடம் நம்பிக்கையற்ற தொண்டர்கள், அதே வருஷத்தில், அந்த நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி ‘லிப்ரே ஆபீஸ்’ என்ற பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள். கோர்ட்டில் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மூடிய மென்பொருளில் கம்பெனி கைமாறினால் உபயோகிப்பவரும் சேர்ந்து கைமாறுகிறார். கட்டற்றதில் அவர் எழுந்து நடந்துவிடலாம்.

கேரளத்தின் அநுபவம்

இதெல்லாம் நிபுணர்களுக்குத்தானே என்று சந்தேகிப்போர் கேரளத்தைப் பார்க்க வேண்டும். 2001-ல் அங்கே பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர்க் கல்வித் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆசிரியர்களும் தொண்டர்களும் வற்புறுத்தியதன் பேரில், சில வருஷங்களுக்குள் பாடம் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. உபுண்டுவை ஆதாரமாகக் கொண்டு, தங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருத்தமான ஓர் இயங்குதளத்தை அவர்களே அமைத்துக்கொண்டார்கள். இத்திட்டத்தை நடத்தும் ‘கைட்’ ஸ்தாபனம், 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அதை நிறுவுவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகுமென்று 2019-ல் கணக்குச் சொன்னது. மிச்சமான பணத்தைவிடப் பெரிய லாபம், கிராமத்துப் பிள்ளையும் அதைத் தன் சொந்தக் கருவியாகக் கையாளப் பழகியது. இயங்குதளத்தோடு ஆசிரியருக்குப் பயிற்சியும், பாடப்புத்தகமும், பரீட்சையும் ஒன்றாகச் சென்றதே அந்த வெற்றிக்குக் காரணம்.

நம் மாகாணத்தில் முயற்சி இல்லாமற் போகவில்லை. சென்னையிலுள்ள ஸி-டாக் ஸ்தாபனம் 2007-லேயே ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை இந்திய பாஷைகளுடன் வெளியிட்டது. 2011 முதல் சர்க்கார் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் சேர்ந்து வந்தது. 2018-ல் வெளியான பதினோராம் வகுப்புப் பாடநூல்களில் ஓபன் ஆபீஸ் இடம் பெற்றது. விதை நல்லதுதான். ஆனால் இரண்டு இயங்குதளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் வெளியுலகம் முழுவதும் உபயோகித்தால், பிள்ளை எதைத் திறப்பான்?

தோல்வியையும் மறைக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் மூனிச் நகரசபை 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றியது. 2017-ல் அதே சபை விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. வெளி ஆபீஸ்களிலிருந்து வந்த தஸ்தாவேஜுகள் சரிவரத் திறக்காமை அங்கே எழுந்த முறையீடுகளில் ஒன்று. இயங்குதளத்தை மாற்றினால் மட்டும் போதாது, தஸ்தாவேஜின் அமைப்பும் பொதுவானதாக இருக்க வேண்டும் என்பது இதன் பாடம். தமிழர் இதை அநுபவத்தில் அறிவர். யூனிகோட் பரவுமுன், ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் தமிழ் எழுத்துக்களுக்குக் குறிகளை வகுத்ததால், ஒருவர் தட்டச்சு செய்த கட்டுரை மற்றவர் திரையில் அர்த்தமற்ற கிறுக்கலாகத் தோன்றிற்று. நம் பாஷையையே தனியார் பூட்டில் வைத்திருந்தோம்!

ஆட்சேபங்கள்

‘எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் திருடனுக்கும் தெரியுமே’ என்பது ஓர் ஆட்சேபம். 2024 மார்ச்சில், லினக்ஸில் பலவிடங்களில் பயன்படும் ‘எக்ஸ்.இஸட்.’ என்ற சிறு மென்பொருளில், ஒருவன் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாக நடித்து நம்பிக்கை பெற்று, கள்ள வாசல் ஒன்றை நுழைத்திருந்தது வெளிப்பட்டது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் நிபுணர், தம் யந்திரத்தில் ஒரு வேலை அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் துருவிச் சென்று அதைப் பிடித்தார். அவர் மைக்ரோசாப்டில் உத்தியோகம் பார்ப்பவர் என்பது விசித்திரம். திறந்த வீட்டிலும் திருடன் வரலாம் என்பது வாஸ்தவமே; ஆனால் அங்கே துருவிப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. அந்த மென்பொருளைப் பெரும்பாலும் ஒரே ஒரு தொண்டர் களைத்துப்போய்ப் பராமரித்து வந்தார் என்பதையும் மறக்கலாகாது. பொதுக் கிணற்றில் நீர் இறைப்போர் தூர் வாரவும் உதவ வேண்டும்.

விண்டோஸுக்கென்றே செய்த கணக்கு மென்பொருள்களும் வரைபட மென்பொருள்களும் லினக்ஸில் நேராக ஓடா. சில அச்சு யந்திரங்கள் தொல்லை தரும். அவற்றை நம்பித் தொழில் செய்பவர் இன்றே மாற வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடிதம், கணக்கு, மின்னஞ்சல், படம், பாட்டு இவற்றோடு வேலை முடிந்துவிடும் பெரும்பான்மையோருக்கு இந்த ஆட்சேபம் பொருந்தாது.

செய்ய வேண்டியது

மாற விரும்புவோர் படிப்படியாகச் செல்வது நலம். முதலில், இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ், வி.எல்.ஸி. ஆகியவற்றை நிறுவிச் சில வாரங்கள் பழக வேண்டும். அடுத்து, லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளத்தைப் பென் டிரைவில் பதித்து, வட்டிலுள்ள எதையும் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, அச்சாகிறதா, தமிழ் தட்டச்சு சரியா என்று பரீட்சித்த பின், தஸ்தாவேஜுகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு நிறுவ வேண்டும். 4 ஜி.பி. நினைவகமுள்ள பழைய யந்திரமும் மின்ட்டுக்குப் போதும்.

தனி மனிதர் செய்வதைவிடச் சங்கங்கள் செய்வது மேல். தொழிற்சங்கமோ, வாசகசாலையோ, கட்சிக் காரியாலயமோ தன் அங்கத்தினர் ஜாபிதாவையும் வரவு செலவையும் யாருடைய பூட்டுக்குள் வைத்திருக்கிறது என்று ஒரு தரம் யோசிக்கட்டும். தமிழை யூனிகோடிலும், தஸ்தாவேஜைத் திறந்த அமைப்பிலும் எழுதுவதென்று ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். தெரிந்த இளைஞர் இருவர் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், ஒரு தெருவில் ஒதுக்கி வைக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் யாவும் மறுபடி உழைக்கும். 14-ந் தேதியன்று கம்பெனி கைவிட்டது தன் மென்பொருளைத்தான். யந்திரத்தைக் கைவிடுவதா வேண்டாமா என்பது இன்னும் நம் இஷ்டம்.