உறுதிப் பெட்டியும் டிஸ்க் பெட்டியும்

எங்கள் ஊர் வீடுகளில் அந்தக் காலத்தில் ஒரு தகரப் பெட்டி கட்டாயம் இருக்கும். காணி உறுதி, நிக்காஹ் பதிவுத் துண்டு, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், ஹஜ்ஜுக்குப் போன மூத்த வாப்பாவின் ஒரேயொரு போட்டோ, பாட்டனார் கையால் எழுதிய அரபுத் தமிழ்க் கொப்பி எல்லாம் அதற்குள்தான். வீட்டில் நெருப்புப் பிடித்தால் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாகத் தூக்க வேண்டியது அந்தப் பெட்டிதான் என்று உம்மா சொல்லி வைத்திருந்தார்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களின் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வள்ளத்தில் உம்மாவின் மடியில் அந்தப் பெட்டி இருந்தது. கடல் தண்ணீர் உள்ளே போய் உறுதியின் மை பாதி கரைந்துவிட்டது. அந்தப் பாதியாவது எங்களுக்கு மிஞ்சியது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. 2009இல் யுத்தம் முடிந்து மக்கள் திரும்பி வரத் தொடங்கியபோது, ‘இது எங்கள் வளவு’ என்று காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நின்றவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வெளிப்பெட்டியில் போடும் எஸ்.எஸ்.டி. டிஸ்க்கைப் பற்றி எழுத வந்தவன் ஏன் தகரப் பெட்டிக் கதை சொல்கிறேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். இரண்டும் ஒரே வேலைக்கான பெட்டிகள் என்பதால்தான்.

மேசையிலிருந்து விழுந்த மூன்று மாதம்

சில வருடங்களுக்கு முன் ஊர் இளைஞர்கள் சிலரும் நானும் சேர்ந்து, வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்யத் தொடங்கினோம். புத்தளத்தில் தங்கிவிட்ட உறவினர்களும் பார்சல் கட்டி அனுப்பினார்கள். மூன்று மாதம் சேர்த்த அனைத்தையும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தோம். ஒரு நாள் மாலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரில் என் கால் தட்டி, டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. பிறகு ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. குற்றம் முழுவதும் என்னுடையதே.

விழுந்ததை விடப் பெரிய தவறு, இரண்டாவது பிரதி எடுக்காமல் இருந்தது. ஏன் எடுக்கவில்லை? சோம்பல் என்று மட்டும் சொல்ல முடியாது. அந்த டிஸ்க் பழைய யூ.எஸ்.பி. 2.0 வகை. 500 ஜிகாபைட்டைப் பிரதி எடுக்க அதற்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் கரண்ட் போய்விடும். காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று சொல்லியே மூன்று மாதம் போய்விட்டது.

வேகம் என்பது ஆடம்பரம் அல்ல என்று அன்று விளங்கியது. பத்து நிமிடத்தில் முடிகிற பிரதியை மனிதன் வாரம் ஒருமுறை எடுப்பான். ஓர் இரவு பிடிக்கிற பிரதியை எடுக்கவே மாட்டான்.

பெட்டி வாங்குமுன் ஐந்து கேள்விகள்

பழைய கணினியில் இருந்து கழற்றிய எஸ்.எஸ்.டி.யையோ, புதிதாக வாங்கியதையோ போட்டு, யூ.எஸ்.பி. மூலம் இணைக்கும் சிறு பெட்டியைக் கடைக்காரர்கள் ‘என்குளோஷர்’ என்பார்கள். சுற்றுகிற தட்டு இல்லாததால் எஸ்.எஸ்.டி. விழுந்தாலும் பழைய ஹார்ட் டிஸ்க் போல எளிதில் பழுதாவதில்லை. ஆனால் பெட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. பணத்தை எடுக்குமுன் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. என்னிடம் உள்ள டிஸ்க் எது? சூயிங்கம் துண்டு போல மெல்லியதாக இருப்பது எம்.2 வகை. அதிலேயே இரண்டு இனம் உண்டு: பழைய சாட்டா, புதிய என்.வி.எம்.இ. உருவம் ஒன்றாக இருந்தாலும் பேசுகிற பாஷை வேறு. இணைக்கும் முனையில் பெரும்பாலும் சாட்டாவுக்கு இரண்டு வெட்டும் என்.வி.எம்.இ.க்கு ஒரு வெட்டும் இருக்கும். ஆயினும் டிஸ்க்கின் லேபலை வாசித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றுக்கான பெட்டியில் மற்றது வேலை செய்யாது. ரியல்டெக் ஆர்.டி.எல்.9210பி போன்ற சில சிப்கள் உள்ள பெட்டிகள் மட்டும் இரண்டையும் ஏற்கும். நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம்.

2. என் கணினியின் போர்ட் எவ்வளவு வேகம்? பலர் ஏமாறுவது இங்கேதான். யூ.எஸ்.பி. 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றே. விநாடிக்கு 5 ஜிகாபிட். ஜென் 2 என்றால் 10. ஜென் 2x2 என்றால் 20. யூ.எஸ்.பி.4 என்றால் பெரும்பாலும் 40 வரை. 10 ஜிகாபிட் பெட்டியில் நடைமுறையில் விநாடிக்கு ஏறத்தாழ 1000 மெகாபைட் கிடைக்கும். 5 ஜிகாபிட்டில் 400 சொச்சம். டிஸ்க், பெட்டி, கேபிள், போர்ட் நான்கில் எது மெதுவோ அந்த வேகமே உங்களுக்குக் கிடைக்கும். 20 ஜிகாபிட் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும், பல கணினிகளில் ஜென் 2x2 வசதி இல்லாததால் அது 10 ஆகவே ஓடும். நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கு 10 ஜிகாபிட் பெட்டி தாராளமாகப் போதும். மேலே நான் சொன்ன 500 ஜிகாபைட், பெரிய கோப்புகளாக இருந்து டிஸ்க்கும் நல்லதாக இருந்தால், அதில் பத்து நிமிடம் அளவில் ஏறிவிடும். சிறு சிறு படங்களாக இருந்தால் இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

3. உள்ளே இருக்கும் சிப் எது? பெட்டியின் நிறத்தை விட இது முக்கியம். 10 ஜிகாபிட் பெட்டிகளில் ரியல்டெக் ஆர்.டி.எல்.9210, ஜேமைக்ரோன் ஜே.எம்.எஸ்.583, ஏ.எஸ்.மீடியா ஏ.எஸ்.எம்.2362 ஆகியவை பரவலாக இருப்பவை. யூ.எஸ்.பி.4 பெட்டிகளில் ஏ.எஸ்.எம்.2464பி.டி. என்ற சிப் பெயர் பெற்றது. சிப்பின் பெயரையே சொல்லாத பெட்டியை விட, சொல்லுகிற பெட்டி நல்லது.

4. சூட்டைத் தாங்குமா? என்.வி.எம்.இ. டிஸ்க் வேலை செய்யும்போது கடுமையாகச் சூடாகும். சூடு மிஞ்சினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். மன்னார் வெயிலில், காற்றாடி கூட இல்லாத அறையில் இதை மறக்கக் கூடாது. பிளாஸ்டிக்கை விட அலுமினியப் பெட்டி மேல். டிஸ்க்குக்கும் மூடிக்கும் நடுவே மெத்தென்ற ஒரு பட்டை தருவார்கள். அதுதான் சூட்டை மூடிக்குக் கடத்துவது. அதை ஒட்டாமல் மூடாதீர்கள். மூடி கையில் சுட்டால் பயப்பட வேண்டாம், சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். கடற்கரையில் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: உப்புக் காற்று இணைப்பு முனைகளைக் கறள் பிடிக்க வைக்கும். வேலை முடிந்ததும், சூடு ஆறிய பின், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு வைத்துவிடுங்கள்.

5. கேபிள் சரியானதா? நான் வாங்கிய முதல் பெட்டி ஆமை வேகத்தில் ஓடியது. கடைக்காரரை மனதுக்குள் திட்டியபடி திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன். மத்ரஸாவில் ஓதும் ஒரு பிள்ளைதான், “ஹஸ்ரத், நீங்கள் போட்டிருப்பது போன் சார்ஜ் வயர் அல்லவா?” என்றான். உண்மை. சார்ஜுக்கான டைப்-சி வயர்களில் பல 480 மெகாபிட் மட்டுமே கடத்தும். பெட்டியோடு வந்த குட்டை வயரை மாட்டியதும் சரியாகிவிட்டது. வாய் ஒன்றாக இருப்பதால் வயரும் ஒன்று என்று எண்ணக் கூடாது. ஒருவரைக் குறை சொல்லுமுன் தன் கையைப் பார்க்க வேண்டும் என்ற பாடமும் சேர்த்துக் கிடைத்தது.

ஒரு பிரதி போதாது

நல்ல பெட்டி வாங்கியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கிவிடலாமா? இல்லை. எஸ்.எஸ்.டி.யும் ஒரு நாள் சாகும். சில வேளை முன்னறிவிப்பே இல்லாமல். மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் அலுமாரியில் கிடந்தால், குறிப்பாகப் பழையதும் சூடான இடத்தில் இருப்பதுமான டிஸ்க்கில், பதிவுகள் மெல்ல மங்கிப் போகவும் கூடும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை இணைத்து, கோப்புகளைத் திறந்து பாருங்கள். கழற்றும்போது கணினியில் ‘இஜெக்ட்’ கொடுத்த பின்பே வயரை இழுங்கள்.

யமாமா போரில் குர்ஆனை மனனமிட்டிருந்த பலர் ஷஹீதான பின், உமர் (ரலி) அவர்களின் யோசனைப்படி அபூபக்கர் (ரலி) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு அதனை ஒன்றுசேர்த்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அதிலிருந்து பிரதிகள் எடுத்துப் பல பட்டணங்களுக்கு அனுப்பினார்கள். மனனம் செய்த நெஞ்சங்கள் இருந்தும் எழுத்தை விடவில்லை. எழுத்து இருந்தும் அதை ஓரிடத்தில் மட்டும் வைக்கவில்லை. நம் வீட்டுக் கடதாசியை அதனோடு ஒப்பிடவில்லை. ஆனால் வழி அங்கே இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்தை நம் வடக்கு நன்றாக அறியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு முடிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. முஸ்லிம்களின் ஏடுகளும் அங்கே சேர்ந்து வருகின்றன.

எனவே மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கணினியில், ஒன்று எஸ்.எஸ்.டி. பெட்டியில், ஒன்று வேறு ஊரில். மன்னாரில் உள்ளவர் புத்தளத்துச் சாச்சியிடம் ஒரு டிஸ்க் கொடுத்து வைக்கலாம். புத்தளத்தார் மன்னாரில் வைக்கலாம். அந்த மூன்றாவது, விலை குறைந்த ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும் பரவாயில்லை. பெருநாளைக்குப் போகும்போது புதியதை ஏற்றிவிட்டு வரலாம்.

அமானிதம்

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டு உறுதியும், பெண்மக்களின் படங்களும் நம் டிஸ்க்கில் ஏறினால் அவை அமானிதம். ஆகவே வேறிடத்தில் வைக்கும் டிஸ்க்குக்கு மறைச்சொல் பூட்டுப் போடுங்கள். விண்டோஸின் சில பதிப்புகளில் பிட்லாக்கர் இருக்கிறது. இலவசமான வேராகிரிப்ட்டும் உண்டு. ஆனால் மறைச்சொல் மறந்தால் திறக்க முடியாமல் போகலாம். அதைக் கடதாசியில் எழுதி வீட்டில் நம்பிக்கையான இருவருக்குத் தெரியும்படி வையுங்கள். ஸ்கேன் கையில் இருக்கிறதென்று மூல உறுதியை அலட்சியமாக விடவும் கூடாது. காணி வழக்கில் மூலத்தைத்தான் முதலில் கேட்பார்கள். மூலம் தொலைந்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் நொத்தாரிசின் பெயரையும் காட்டித் தேட ஸ்கேன் உதவும். கடனைக் கூட எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதியதைக் காப்பாற்றுவதும் அதன் தொடர்ச்சிதானே?

விழுந்த டிஸ்க்கில் இருந்தவற்றில் ஒரு படம் மட்டும் திரும்பக் கிடைத்தது. 1990க்கு முன் எடுத்தது. ஒரு மூதாட்டியின் வாப்பா தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் படம். அந்த வீடு இன்று இல்லை. நாங்கள் திருப்பிக் கொடுத்த மூலப் படமும் அடுத்த மாரி வெள்ளத்தில் நனைந்து போயிற்று. எங்களுடன் ஸ்கேன் செய்த ஒரு மாணவன், தன் உம்மாவிடம் காட்டவென்று அதைத் தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அதனால்தான் தப்பியது. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த மூதாட்டி படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்றிரவே உங்கள் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்தக் கடதாசி போனால் திரும்ப வராதோ, அதிலிருந்து ஆரம்பியுங்கள். அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக.