எலினோர் ராணியின் இரண்டாம் கலியாணம்

1137ஆம் ஆண்டு தந்தையை இழந்து நின்ற சிறுமி எலினோர், அக்விடேன் என்னும் செழிப்பான தேசத்தையே ஸ்திரீதனமாகக் கொண்டுவந்து, பிரெஞ்சு தேசத்து ஏழாம் லூயிக்கு மாலையிட்ட வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். 15 வருஷத் தாம்பத்தியத்தில் அவளுக்குப் பிறந்தவை இரண்டும் பெண்களே; பட்டத்துக்குப் பிள்ளையில்லையே என்ற குறை மன்னன் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. 1147இல் தம்பதிகள் சேர்ந்தே சிலுவைப் போருக்குப் புறப்பட்டுச் சென்று, ராணியின் சிற்றப்பன் ரேமண்ட் ஆண்ட அந்தியோக்கியாவில் தங்கியிருந்தபோது மூண்ட மனஸ்தாபம், திரும்பும் வழியில் போப்பாண்டவர் மூன்றாம் யூஜீனியஸ் தாமே மத்தியஸ்தம் செய்தும் ஆறவில்லை. 1152 மார்ச் 21 அன்று போஜான்சி என்ற ஊரில் கூடிய மதகுருமார், மணமக்கள் இருவரும் இரத்த உறவினர் என்ற காரணங்காட்டி அந்தக் கலியாணத்தை ரத்து செய்தார்கள்.

நம் நாட்டில் அத்தை மகனும் அம்மான் மகளும் மணப்பது முறையென்றிருக்க, அக்காலத்து ஐரோப்பியத் திருச்சபையோ ஏழு தலைமுறை வரை உறவு தட்டலாகாதென்று விதித்திருந்தது. அரச குடும்பங்களோ பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஆகவே, ராஜ விவாகம் எதை எடுத்துக்கொண்டாலும், அதை முறிப்பதற்கான முகாந்திரம் தாலிகட்டும் வேளையிலேயே தயாராயிருந்தது என்பது என் எண்ணம். வேண்டியிருக்கும்வரை அதை மறந்திருப்பார்கள், வேண்டாதபோது வமிசாவளியைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பார்கள்.

பெண்கள் இருவரும் தகப்பனிடம் தங்க, தேசம் தாயோடு போயிற்று. இரண்டு மாதம் நிறைவதற்குள், மே 18 அன்று, புவாத்தியே நகரில், தன்னைவிட ஏறக்குறையப் பத்து வயது இளையவனான ஆஞ்சு வமிசத்து ஹென்றியை எலினோர் மணந்தாள். லூயியைக் காட்டிலும் இவன் அவளுக்கு நெருங்கிய இரத்த உறவினன்! 1154இல் அவன் இங்கிலாந்தின் அரசனாகவே, ஸ்காட்லாந்தின் எல்லையிலிருந்து பிரனீஸ் மலை வரை அவர்கள் ஆதிக்கம் பரவியது. ஆண்மக்கள் ஐவரும் பெண்மக்கள் மூவரும் பிறந்தார்கள். லூயியோ மூன்றாந் தாரமாக ஷாம்பேன் குலத்து அதேலாவை மணந்த பிறகே ஆண் வாரிசைக் கண்டான்; அந்த அதேலாவின் சகோதரர் இருவருக்குத்தான் எலினோர் பெற்ற பெண்கள் இருவரும் வாழ்க்கைப்பட்டார்கள். மாற்றாந்தாயின் உடன்பிறந்தாரை மணந்த இந்த உறவுக்கு அவர்கள் பாஷையில் என்ன முறை சொல்வார்களோ, நம்மவர் கேட்டால் மாமனைக் கட்டியதாகவே கொள்வார்கள்.

1200ஆம் ஆண்டு, எழுபது வயதைக் கடந்துவிட்ட எலினோர், பிரனீஸ் மலையைத் தாண்டிக் காஸ்டீல் தேசத்துக்குப் போய், அங்கே ராணியாயிருந்த தன் மகளின் பெண்களுள் பிளான்ஷ் என்ற 12 வயதுச் சிறுமியைத் தேர்ந்து அழைத்து வந்தாள். மாப்பிள்ளை, அவளுடைய முதற் கணவன் லூயியின் பேரன். ஆண் பிள்ளையில்லையென்று விலக்கப்பட்டவளின் பேத்தி இவ்வாறு பிரெஞ்சு அரண்மனைக்கே மருமகளாய்ப் போனாள். அவள் வயிற்றிற் பிறந்தவனே பிற்காலத்தில் புனிதர் பட்டம் பெற்ற ஒன்பதாம் லூயி.

இதற்கு வெகு முன்னரே, பெற்ற மக்களைத் தகப்பனுக்கு எதிராகத் தூண்டிவிட்டாள் என்று ஹென்றி 1173இல் அவளைக் காவலில் வைத்தான். 1189இல் அவன் இறக்கும் வரை நீடித்த அந்தச் சிறைவாசத்தை அடுத்த இதழில் விரித்துரைப்போம்.