டிராக்டரில் டிரெய்லரை மாட்டும் இடம்

கரும்பு ஏற்றிய இரு சக்கர டிரெய்லரை இழுத்துக்கொண்டு வரப்பில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் தூக்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கிவிடக் கூடிய நிலை இது. பாரத்தையே குறை கூறுவர். மாட்டிய இடத்தைப் பார்ப்பவர் சிலரே.

இழுக்கும் கொக்கி, டிராக்டரின் பின் அச்சு மையத்துக்குக் கீழே இருத்தல் வேண்டும். கலப்பையின் மேல் இணைப்புத் தண்டு மாட்டும் இடத்தில் டிரெய்லரை ஒருபோதும் மாட்டாதீர்கள். பாரத்தைச் சற்றே முன்தள்ளி ஏற்றவும். மிகவும் முன்தள்ளினால் முன்சக்கரம் தூக்கும். பின்தள்ளினால் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

மாட்டியபின் வெறும் டிரெய்லருடன் களத்தில் மெதுவாக இருபுறமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். பெரிய டயர் டிரெய்லரில் உரசினால் அதன் முன்சட்டம் நீளம் போதாது என்று பொருள். இணைப்பு ஆணிக்குப் பூட்டு ஊசி போட்ட பிறகே சாலையேறுங்கள். முறுக்கிய கம்பி போதாது.