அங்கீகாரம்: யார் யாருக்கு நிரூபிப்பது?

எனக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகம் இப்போது இல்லை. எரித்துவிட்டார்கள், குண்டு போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெயர்தான் இல்லாமல் போனது. 1972இலிருந்து 1978 வரை இலங்கையில் இருந்தது ஒரேயொரு பல்கலைக்கழகம், இலங்கைப் பல்கலைக்கழகம். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் அதன் வளாகங்கள். நான் யாழ்ப்பாண வளாகத்தில் கணிதம் படித்து 1978இல் வெளியேறினேன். அடுத்த ஜனவரியில் வளாகங்கள் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகிவிட்டன. 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக மேற்குக்கு வந்து, சில வருடங்களின் பின் அந்தக் காகிதத்தை ஓர் அலுவலக மேசையில் வைத்தேன். அங்கிருந்தவர் பட்டியலொன்றைப் புரட்டிவிட்டு, அப்படியொரு பல்கலைக்கழகம் கிடையாது என்றார். பகிடி என்னவென்றால், அவர் சொன்னது சரி.

இதை என் சொந்தப் புலம்பலாக எழுதவில்லை. ‘அங்கீகாரம்’ என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது ஐரோப்பாவில் எப்படி இயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் அலைந்து களைத்த ஆட்களை எனக்குத் தெரியும். மொழிபெயர்க்கக் கூடப் போனவன் என்ற முறையில் அந்த அலைச்சலில் எனக்கும் பங்குண்டு.

முதலில் ஒன்று. இங்கே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. உன் படிப்பு எங்கள் படிப்புக்குச் சமமா, மேலே படிக்கலாமா என்று பார்ப்பது கல்விசார் அங்கீகாரம். உன்னை இந்தத் தொழிலைச் செய்ய விடலாமா என்று பார்ப்பது தொழில்சார் அங்கீகாரம். ஒன்றின் திறப்பு மற்றதைத் திறக்காது. பல்கலைக்கழகம் ‘சமம்’ என்று எழுதித் தந்த கடிதத்தைக் கொண்டுபோய் மருத்துவத் தொழிலுக்கு அனுமதி கேட்டால், வேறு கதவைத் தட்டச் சொல்வார்கள். கணிதம் மாதிரித் தொழில் அனுமதி தேவைப்படாத படிப்புகளில் இரண்டாவது பூட்டே கிடையாது. வேலை தருகிறவன் நம்பினால் சரி. நம்புகிறானா என்பது வேறு கதை.

பூர்தியு பண்பாட்டு மூலதனத்தை மூன்று நிலைகளில் வைத்துப் பேசினார். உடலில் படிந்தது, பொருட்களில் உறைந்தது, நிறுவனம் முத்திரை குத்தியது. எல்லை கடக்கிறவன் முதலாவதைக் கையிலும் மண்டையிலும் காவிக்கொண்டு வந்துவிடுகிறான். அதை எந்தச் சுங்கமும் பறிக்க முடியாது. மறிபடுவது மூன்றாவது. முத்திரையின் மதிப்பு அந்த முத்திரைக்குப் பின்னால் நிற்கும் அரசின் மதிப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே இது எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று பாருங்கள். 2005ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் பணிப்புரை ஏழு தொழில்களுக்குத் தன்னியக்க அங்கீகாரம் தருகிறது: மருத்துவர், பொதுத் தாதி, பல் மருத்துவர், மிருக வைத்தியர், மருத்துவிச்சி, மருந்தாளர், கட்டடக் கலைஞர். தாதிக்கு மூன்று வருடம், 4600 மணித்தியாலம். மருத்துவருக்கு ஐந்து வருடம், 5500 மணித்தியாலம். இவை நிறைவேறினால், பின்னிணைப்பிலுள்ள பட்டியலில் சான்றிதழின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. உள்ளே என்ன படித்தாய் என்று கிண்டுவதில்லை. ஒன்றியத்துக்குள்ளும் மேடு பள்ளம் இல்லாமலில்லை. போலந்து, ருமேனியத் தாதியரின் பழைய சான்றிதழ்களுக்கு அதே பணிப்புரை தனி நிபந்தனைகள் வைத்தது.

வெளியிலிருந்து வந்த காகிதத்துக்கு என்ன நடக்கும்? ஐரோப்பிய நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளை அருகருகே வைத்தால் விளங்கும். விளாசோபூலு கிரேக்க வழக்கறிஞர். ரியூபிங்கனில் கலாநிதிப் பட்டம் பெற்று, மான்ஹைமில் வேலையும் செய்துகொண்டிருந்தவர். ஜேர்மன் பரீட்சை எழுதவில்லை என்று மறுத்தார்கள். அவரிடம் இருப்பதையும் கேட்கப்படுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும், சும்மா மறுக்க முடியாது என்று 1991 மே 7இல் நீதிமன்றம் சொன்னது. தவில்-அல்பேர்ட்டினி பிரெஞ்சுப் பிரஜை. பெய்ரூத்தில் பல் மருத்துவம் படித்தார். பெல்ஜியம் அதை ஏற்றது, பிரான்ஸ் மறுத்தது. ஒரு நாடு ஏற்றதால் மற்ற நாடு கட்டுப்படாது என்று 1994இல் தீர்ப்பு. ஹொக்ஸ்மன் ஆர்ஜன்ரீனாவில் மருத்துவம் படித்து, ஸ்பெயினில் அங்கீகாரம் பெற்று, அங்கே சிறுநீரியலில் சிறப்புத் தகுதியும் பெற்றவர். பிரான்ஸ் மறுத்தது. அவருடைய எல்லாச் சான்றிதழ்களையும் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2000 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது.

மூன்று பேரும் படித்த இடம் வேறு, தொழில் வேறு. பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கையில் ஐரோப்பியக் கடவுச்சீட்டு. நீதிமன்றக் கதவைத் திறந்தது அது. சான்றிதழ் தனியே பிரயாணம் செய்வதில்லை, கடவுச்சீட்டின் முதுகில் ஏறித்தான் வருகிறது.

ஜேர்மனியில் இது இன்னும் பச்சையாக இருந்தது. சோவியத் நாடுகளிலிருந்து வந்த ஜேர்மன் வம்சாவளியினருக்கு, அங்கே பெற்ற சான்றிதழ்களை மதிப்பிடுவிக்கும் உரிமை சட்டத்திலேயே இருந்தது. வேறு நாட்டு மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், முழு அனுமதி பொதுவாக ஜேர்மன் அல்லது ஐரோப்பியப் பிரஜைக்கே. மற்றவருக்குக் காலவரையறை போட்ட தற்காலிக அனுமதி. 2012 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டம்தான் பிரஜாவுரிமையை இதிலிருந்து கழற்றியது.

இதற்கிடையே 1997 ஏப்ரல் 11இல் லிஸ்பனில் ஐரோப்பிய கவுன்சிலும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஒரு சமவாயம் செய்தன. 1999 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்றுண்டு. நான் படித்தது சமம் என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. சமமில்லை என்று சொல்கிறவர்தான், கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். நிரூபிக்கும் பாரம் மேசையின் அந்தப் பக்கம் போகிறது. அதிகார உறவைத் தலைகீழாக்கும் வாக்கியம் இது. இதன் ஏழாம் பிரிவு அகதிகளைப் பற்றியது: ஆவணம் இல்லாதவர்களின் தகுதியையும் நியாயமாக மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்கிறது. வாசித்துச் சந்தோசப்படும்போதே இடையில் சில சொற்கள் இடறுகின்றன: ‘சமவாயத் தரப்பு நாடொன்றில் பெற்ற’ தகுதிகள். இலங்கை தரப்பு நாடல்ல. 2011இல் வந்த ஒன்றியப் பணிப்புரை ஆவணமில்லாத அகதிகளுக்கு வழி ஏற்படுத்த நாடுகள் ‘முயல வேண்டும்’ என்றது. முயல்வது சட்ட மொழியில் மிகவும் மெலிந்த வினை. 2022இல் உக்ரைனிலிருந்து மக்கள் ஓடிவந்தபோது, ஏப்ரல் 5ஆம் திகதியே ஐரோப்பிய ஆணைக்குழு சம்பிரதாயங்களைக் குறைத்து விரைவாக அங்கீகரிக்கும்படி பரிந்துரை வெளியிட்டது. நல்ல விசயம்தான். அப்போ செய்ய முடிகிற காரியமாகத்தான் இருந்திருக்கிறது.

அக்கா ஒருவரின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் தாதியாக இருந்தவர். 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரையும் போல நடந்து வெளியேறினார். சேர்ட்டிபிக்கற்றெல்லாம் வீட்டு அலுமாரியில். இங்கே வந்து, 1999இலிருந்து ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. 2013இல் புதுச் சட்டத்தைச் சொல்லி நான்தான் விண்ணப்பிக்க வைத்தேன். சான்றிதழின் பிரதி கொழும்பிலிருந்து வந்தது. பாடவாரியான மணித்தியாலக் கணக்கும் எட்டு வருடச் சேவைக் கடிதமும் வரவில்லை. பதில் வந்தது: சமம் என்று காண முடியவில்லை, அறிவுப் பரீட்சை எழுதலாம் அல்லது இசைவாக்கப் பயிற்சிக்குப் போகலாம்.

அக்கா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டா: “தம்பி, பதினாலு வருசமா வார்ட்டிலதானே நிக்கிறன். ட்ரிப் முடிஞ்சா ஆரைக் கூப்பிடோணும், ஆருக்கு மூச்சு முட்டுது எண்டு எனக்குத் தெரியாதே? அதெல்லாம் கணக்கில வராதோ?”

வராது. துடைப்பத்தோடு நின்ற வருடங்கள் தொழில் அனுபவமாகாது. ஆனால் யாழ்ப்பாணத்து எட்டு வருடம் வரும். குறைகிற படிப்பை வேலை அனுபவத்தால் ஈடுசெய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேர் கனடாவில் இருந்தார்கள், எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை வைத்து மறுப்பை எதிர்க்கலாம் என்று எனக்கு உறைத்தபோது ஐந்தாம் கிழமை. எதிர்ப்பதற்குத் தவணை ஒரு மாதம். அது கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே இருந்தது. நான் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

இப்போது யாராவது கடிதம் கொண்டுவந்தால் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறேன்.